கறுப்பு டேப் ஒட்டிய டிஸ்க்

எங்கள் ஸ்டுடியோவில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். மற்ற டிஸ்க்குகள் எல்லாம் கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே கண்ணாடி அலமாரியில், சின்ன மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், ஜோடி ஜோடியாக இருக்கும். டேப் போட்டது கதவோரத் தட்டில், மழைக் கோட்டுக்கும் உடைந்த லைட் ஸ்டாண்டுக்கும் நடுவில் கிடக்கும். அதில் இருந்தவை சாவு வீட்டுப் படங்கள்.

லிங்கராஜபுரத்தில் பஸ் போகிற ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது ஸ்டுடியோ. நான் படம் எடுப்பேன், மனைவி எடிட்டிங். இரண்டு பேருமே யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவர்கள் இல்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை, பிறந்தநாள் என்று வருஷம் போகும். நடுவில் சாவும் வரும். எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் முழுக்க நின்று ஒரு படம் எடுக்காமல் மூடியைப் போட விடமாட்டார்கள். கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு போன சித்தப்பா கூட அங்கே வந்து நிற்பார். "நகருங்க, அக்கா முகம் தெரியல" என்று அழுதுகொண்டே வரிசையைச் சரி செய்வார்கள். அந்தப் படத்தை எடுக்கும்போது மட்டும் நான் யாரையும் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

டேப் வந்த கதை இது. ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்திருந்தார். மனைவி ஃபோல்டரைத் திறக்கும்போது, பக்கத்து ஃபோல்டரின் முகப்பில் மாலை போட்ட ஒரு பெட்டி தெரிந்துவிட்டது. அந்த அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"என்னாம்மா இது? இங்க என் பொண்ணு கழுத்துல தாலி ஏறுது, பக்கத்துலயே பொணத்தைப் படுக்க வெச்சிருக்கீங்க? உங்க வீட்டு விசேஷமா இருந்தா வெப்பீங்களா?"

மனைவிக்கு முகம் செத்துப்போனது. அன்றைக்கே சாவுப் படங்களை எல்லாம் தனி டிஸ்க்குக்கு மாற்றி, அடையாளத்துக்குக் கறுப்பு டேப்பையும் சுற்றிவிட்டாள். இந்த ஏரியாவில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமே அப்படித்தான் தனியாக வைக்கிறார்கள். ஒருவர் ஒரு படி மேலே போய், அந்த டிஸ்க்கை வண்டி டிக்கியிலேயே வைத்திருந்தார்.

கல்யாண டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகல் உண்டு. கல்யாணப் படம் தொலைந்தால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டும் சேர்ந்து வந்து அடிக்கும், அந்த ஒற்றுமையை நான் பார்க்க விரும்பவில்லை. ஆனால் கறுப்பு டேப்புக்கு நகல் எடுக்கலாமா என்ற பேச்சு வந்தபோது மனைவி சொன்னது: "அதுல இன்னொண்ணு வேறயா? இருக்கற ஒண்ணே போதும் இந்த எடத்துக்கு." எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. கொடுத்த ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போய் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். அந்தப் படத்தை யாரும் திரும்ப வந்து கேட்டதில்லை.

ஒருத்தி வந்து கேட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம். கல்லறையில் வைப்பதற்குப் படம் பெரிதாக்க, லேமினேஷன் போட என்று மாடிப்படி வரைக்கும் ஆள் நிற்கும் நேரம். கூட்டம் கரைகிற வரை ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குவைத்தில் நர்ஸ். விமானம் ஓடாமல் இருந்த அந்தக் காலத்தில் அவள் அம்மா நெஞ்சு வலியில் போய்விட்டார். மகள் வர முடியவில்லை. அவளுக்கு அனுப்ப வேண்டும் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால், மாஸ்க் போட்ட கொஞ்சம் பேர் நடுவே நான்தான் வீடியோவும் படமும் எடுத்தேன். லிங்க் அனுப்பினோம். அவள் அதைத் திறக்கவே இல்லையாம்.

"வார்டு முழுக்க அப்படியே போய்க்கினு இருந்தாங்க அண்ணா. சொந்தக்காரங்களுக்குப் போன்ல முகத்தைக் காட்டறதே எங்க வேலையா இருந்துச்சு. அதே மாதிரி எங்கம்மாவையும் போன்ல பாக்க எனக்கு மனசு வரல."

லிங்க் காலாவதியாகிவிட்டது. அண்ணனிடம் கொடுத்த பென்டிரைவ் வீடு மாறியதில் காணாமல் போய்விட்டது. அதனால் எங்களிடம் வந்திருக்கிறாள். கேட்டது ஒன்றுதான்.

"நான் ஒரு புடவை அனுப்பியிருந்தேன். மாம்பழக் கலர், பச்சைக் கரை. அம்மா கட்டவே இல்ல. 'நீ வா, உன் கண்ணு முன்னாடி கட்டறேன்'னு சொல்லிக்கினே இருந்தாங்க. அதைத்தான் கட்டி அனுப்பினோம்னு அண்ணி சொல்றாங்க. எங்கண்ணி பொய் சொல்ற ஆளு இல்ல. ஆனாலும் எனக்கு ஒரு தடவை கண்ணால பாக்கணும் அண்ணா. அடுத்த வாரம் கல்லறைக்குப் போவேன், அதுக்குள்ள."

நான் கதவோரத் தட்டில் இருந்து டிஸ்க்கை எடுத்துத் துடைத்தேன். மனைவி ஒயரைச் செருகினாள். லைட் எரிந்தது. அப்புறம் உள்ளே இருந்து டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். நின்றது. மறுபடி டிக், டிக், டிக். கம்ப்யூட்டர் அப்படி ஒரு டிஸ்க் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. மனைவி ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகப் போனாள்.

"வேணாம் அக்கா, விட்டுடுங்க," என்றாள் அந்தப் பெண். "இப்படிச் சத்தம் வந்தா மேல மேல தொந்தரவு பண்ணக்கூடாது."

ஆஸ்பத்திரியில் எத்தனை பேரிடம் அதை அந்தக் குரலில் சொல்லியிருப்பாளோ. மனைவி ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

மறுநாள் எஸ்.பி. ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில், போன டிஸ்க்கில் இருந்து படம் மீட்டுத் தருகிறவரிடம் போனேன். கன்னடக்காரர், நிதானமான மனிதர். டிஸ்க்கைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே படிக்கிற முள் போய்விட்டிருக்கிறது, தூசி புகாத அறையில் வைத்துத் திறந்து வேறு முள் மாட்டிப் பார்க்க வேண்டும், வந்தால் வரும், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பிறகு எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: இதற்கு நகல் இல்லையா?

"மத்த எல்லாத்துக்கும் இருக்குது சார். இதுக்கு மட்டும் இல்ல."

"யாக்கே?" என்றார். ஏன் என்று கேட்கிறார். ஒரு வார்த்தைதான். மாதா சொரூபம், கல்யாணப் பெண்ணின் அம்மா, மழைக் கோட்டுத் தட்டு என்று அதற்கு எங்கிருந்து ஆரம்பிப்பது? "அப்படியே விட்டுட்டோம் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தீர்மானமாகச் சொன்னாள். "இனிமே இந்த உதிரி டிஸ்க்கே ஆகாது. ஒழுங்கா ஒரு பெட்டி வாங்கணும். அந்தப் பொண்ணு மூஞ்சியை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

அவள் சொன்னது நாஸ் என்கிற பெட்டியை. ஸ்டுடியோ இன்டர்நெட் ரூட்டரோடு ஒயர் போட்டு மாட்டிவிட்டால், உள்ளே இருக்கிற ஹார்ட் டிஸ்க்குகளை அங்கே உள்ள எந்தக் கம்ப்யூட்டரில் இருந்தும் போனில் இருந்தும் திறந்து பார்க்கலாம். பிரேசர் டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பாய் எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். வீட்டில் தக்னி உருது பேசுகிறவர், எங்களோடு தமிழ். இரண்டு பேருமாகப் போனோம்.

பாய் எடுத்தவுடனே பெட்டியைக் காட்டவில்லை. டீ வரவழைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார். எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், ஒரு கல்யாண வீடியோ எவ்வளவு இடம் பிடிக்கிறது, ரூட்டர் எந்த மூலையில் இருக்கிறது, பக்கத்தில் யாராவது தூங்குவார்களா, கரண்ட் எத்தனை தடவை போகிறது.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கறீங்களே பாய்," என்றேன்.

"பொண்ணைக் கூட மாத்திக்கலாம் அண்ணா, இதை மாத்தறது கஷ்டம்," என்றார். என் மனைவி முறைத்ததும், "அக்கா, சும்மா தமாஷ்" என்று காதைத் தொட்டுக்கொண்டார்.

ஆன்லைனிலேயே எல்லாவற்றையும் ஏற்றி வைத்துவிட்டால் என்ன என்று நான் கேட்டேன். "வைக்கலாம். ஒரு கல்யாணத்தை உங்க லைன்ல ஏத்தி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு வளைகாப்புக்கு வந்துடுவா. அப்புறம் மாசா மாசம் வாடகை. வாடகை நின்னா படம் நிக்காது." ஆக, சொந்தப் பெட்டிதான்.

இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்று, நான்கு டிஸ்க் போடுகிற பெட்டி ஒன்று என்று மேசை மேல் வைத்தார். சின்னதைத் தட்டிக் காட்டினார். "இதுல ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி மாதிரி வேலை செய்யும். ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் எழுதும். ஒண்ணு செத்தா ஒண்ணு நிக்கும். செத்ததைக் கழட்டிட்டுப் புதுசு போட்டா, உயிரோட இருக்கறதைப் பாத்து அதுவே மறுபடி எழுதிக்கும். ஆனா ஒண்ணு ஞாபகம் வைங்க. கை தவறி நீங்க அழிச்சீங்கன்னா ரெண்டுலயும் சேர்ந்தே அழியும். வீட்ல திருடன் பூந்து பெட்டியோட தூக்கினு போனா ரெண்டும் சேர்ந்தே போகும். அதுக்கு வெளிய, வேற வீட்ல, இன்னொரு காப்பி இருக்கணும்."

மனைவி பெட்டியின் இரண்டு அறைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். "பாய், ரெண்டு டிஸ்க் இருக்குதில்ல. ஒண்ணுல நல்லது, ஒண்ணுல கெட்டது. அப்படிப் பிரிச்சு வெச்சுக்கலாமா?"

பாய்க்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. சாவு வீட்டு விஷயத்தில் சிரிக்கிற ஆள் இல்லை அவர்.

"வைக்கலாம் அக்கா. பெட்டி ஒத்துக்கும். ஆனா அப்ப ரெண்டுமே தனி ஆளு. கெட்டது வெச்ச டிஸ்க் போனா அதுக்குப் பக்கத்துல அழ ஆள் இல்ல. கறுப்பு டேப்பை வெளிய இருந்து எடுத்து உள்ள ஒட்டின மாதிரிதான்."

"அப்ப பெரிசு?"

நான்கு டிஸ்க் பெட்டியில் கல்யாணத்துக்கு ஒரு ஜோடி, சாவுக்கு ஒரு ஜோடி என்று தனித்தனியாக வைக்கலாம். ஆனால் அதை எடுத்தால் கையில் இருக்கிறதெல்லாம் அதிலேயே போய்விடும். கரண்ட் போனால் பெட்டியை நிதானமாக அணைக்க ஒரு யு.பி.எஸ், வேறு வீட்டில் வைக்க ஒரு வெளி டிஸ்க், இந்த இரண்டுக்கும் மிச்சம் இருக்காது. சின்னப் பெட்டி என்றால் அவை இரண்டும் முடியும், ஆனால் நல்லதும் கெட்டதும் ஒரே டிஸ்க்கில் கலந்து கிடக்கும். பாய் இதையெல்லாம் சொல்லிவிட்டு எங்களை அவசரப்படுத்தவில்லை. "வீட்ல போய் ஸ்வல்ப யோசிங்க" என்று டீக்கான காசைக் கூட வாங்க மறுத்து அனுப்பினார்.

பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "ஜனங்க நம்பி அவங்க பொண்ணு படத்தைக் குடுக்கறாங்க. அன்னைக்கு எழுந்து நின்ன அந்த அம்மா மாதிரி இன்னொருத்தர் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" அவள் பயந்தது பேய்க்கு இல்லை. ஒரு தாயின் முகம் மாறியதை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள்.

டிஸ்க் மீட்பவர் கூப்பிட்டபோது கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள். பெரும்பாலானவை போய்விட்டன என்றார். அந்த நர்ஸ் வீட்டு வீடியோ திறக்கவே இல்லை. படங்களில் கொஞ்சம் வந்திருக்கின்றன, சிலது பாதிதான். மற்ற குடும்பங்களுடையதும் அப்படித்தான். அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். வீடியோ போய்விட்டது என்பதைப் போனிலேயே சொல்லிவிட்டேன். மாடி ஏறி வந்த பிறகு சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. "படம் இருக்குதில்ல?" என்றாள். "பாதி இருக்குதும்மா" என்றேன். "வரேன்" என்றாள்.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதல் படத்தில் வாசலில் நிற்கிற ஆட்கள். அடுத்தது மெழுகுவர்த்தி. அப்புறம் ஒன்று முழுக்கச் சாம்பல் நிறம். அப்புறம் குடும்பப் படம். மேலே கால்வாசி இருந்தது: அண்ணன், அண்ணி, மாஸ்க்குக்கு மேலே கண்கள். கீழே, பெட்டி இருக்க வேண்டிய இடத்தில், படம் சாம்பல் பட்டையாக அறுந்து போயிருந்தது. மனைவி அடுத்ததை அழுத்தினாள்.

அது நான் பெட்டியின் பக்கத்தில் நின்று குனிந்து எடுத்த படம். முகம் முழுதாக இருந்தது. நெற்றியில் யாரோ விரலால் ஒதுக்கிவிட்ட நரைமுடி. கழுத்தில் ஜெபமாலை. இடது தோள் வரை வந்து படம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே சாம்பல். ஆனால் அந்தத் தோளில், அறுபடுவதற்குக் கொஞ்சம் முன்னால், மஞ்சளில் ஒரு மடிப்பும் அதன் மேல் பச்சையில் ஒரு விரல் அகலமும் தெரிந்தன.

மனைவி அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். பச்சையில் சின்னச் சின்ன மாங்காய்.

"அதுதான்," என்றாள் அந்தப் பெண். "அதுதான் அக்கா. ரெண்டு கடை ஏறி இறங்கி வாங்கினேன். மாங்காய் சின்னதா இருந்தாத்தான் அம்மாவுக்குப் பிடிக்கும்."

திரையைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் கழித்து, "பின் குத்தியிருக்காங்க பாருங்க. அண்ணிதான் குத்தியிருப்பாங்க. எங்கம்மா பின்னே குத்த மாட்டாங்க" என்று லேசாகச் சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள். கீழே பேக்கரி வாசலில் யாரோ வண்டி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மனைவி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

தண்ணீர் குடித்த பிறகு அவளே கேட்டாள். "இதை நான் போன்ல எடுத்துக்கினு போறேன். ஆனா உங்ககிட்டயும் இருக்கட்டும் அண்ணா. என்கிட்ட இருந்தா தொலைஞ்சுடும். எதுல வைப்பீங்க?"

பெட்டி வாங்கப் போகிறோம் என்றேன். மனைவி தயங்கித் தயங்கி மிச்சத்தையும் சொன்னாள். தனியாக வைப்பதா, கல்யாணப் படங்களோடு சேர்த்து வைப்பதா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை என்று. "சேர்த்து வெச்சா உனக்கு ஒரு மாதிரி இருக்குமாம்மா?" என்று அவளிடமே கேட்டுவிட்டாள். பக்கத்தில் சாவு இருக்கிறதே என்று ஒரு கல்யாண வீடு சங்கடப்பட்டதை நாங்கள் பார்த்திருந்தோம். பக்கத்தில் கல்யாணம் இருப்பது சாவு வீட்டுக்கு எப்படி இருக்கும் என்று நாங்கள் அதுவரை யோசித்ததே இல்லை.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கம்மாவா? பத்திரிகை வந்தா ஒரு கல்யாணம் விட மாட்டாங்க அக்கா. தனியா படுக்கவும் மாட்டாங்க. நான் இங்க இருந்தப்ப நைட் டூட்டி போனா பக்கத்து வீட்டு ஆயாவைக் கூட்டினு வந்து படுக்க வெச்சுக்குவாங்க. யாராவது கூட இருக்கற எடத்துலயே வைங்க."

அவள் படி இறங்கிப் போன பிறகு மனைவி, "சின்னதே போதும், பாய்க்குப் போன் போடுங்க" என்றாள்.

பெட்டி வந்தது. ரூட்டருக்குப் பக்கத்தில் மாதா அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தோம், பக்கத்தில் யு.பி.எஸ். ஃபோல்டர்களுக்கு இனிமேல் பெயரோ விசேஷமோ வேண்டாம், தேதி மட்டும் போதும் என்று மனைவி முடிவு செய்தாள். வருகிறவர்களுக்குக் காட்டும்போது அவர்களுடைய ஃபோல்டரை மட்டும் திறந்து வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவாள். வெளி டிஸ்க் ஈஜிபுராவில் மைத்துனி வீட்டில் இருக்கிறது, மாதம் ஒரு தடவை எடுத்துவந்து புதுப் படங்களை ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறேன். அவளுக்கு நாங்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். "எங்க வீட்டு அரிசி டிரம்முக்குப் பக்கத்துல வைக்காதீங்க, அவ்வளவுதான்" என்றாள்.

கல்யாண டிஸ்க்குகளை எல்லாம் ஏற்றிய பிறகு, மீட்டு வந்த சாவுப் படங்களையும் தேதிப்படி ஏற்றினோம். பாதிப் படங்களையும் விடவில்லை. அந்த நர்ஸின் அம்மாவுடைய ஃபோல்டர் தானாகவே ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது. அதற்கு முந்தினது பிரேசர் டவுனில் ஒரு கல்யாணம், பிந்தினது ஒரு குழந்தையின் ஞானஸ்நானம். மனைவி அதைப் பார்த்தாள். செத்துப்போன பழைய டிஸ்க்கை எடுத்து, அதில் இருந்த கறுப்பு டேப்பை நகத்தால் உரிக்க ஆரம்பித்தாள். வருஷக்கணக்கில் ஒட்டியிருந்தது, சுலபமாக வரவில்லை. பசை விரலில் ஒட்டியது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.